சொந்த வீட்டு விருந்தாளி

புதுக்கோட்டையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பாத்திமாவுக்கு அந்த வாரம் கிடைத்தது நிஜமாகவே வீட்டில் செய்ய வேண்டிய பாடம்.

மானிடவியலும் உளவியலும் சேர்ந்த அறிமுகத் தாளை நடத்துகிறவர் திருமுருகன் சார். ஒரு சமுதாயத்தில் எழுதி வைத்த சட்டங்கள் கொஞ்சம், எழுதாத சட்டங்கள்தான் மலையளவு என்று அன்றைக்கு ஆரம்பித்தார். பஸ் முழுக்கக் காலியாகக் கிடக்கும்போது, ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிற சீட்டில் போய் ஒட்டி உட்கார்ந்தால் அவர் முறைக்கிறார். அப்படி உட்காரக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கேயும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட சட்டம் இருப்பதே அதை மீறும்போதுதான் கண்ணில் படும். ஆகவே ஆளுக்கொரு எழுதாத சட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு சனி, ஞாயிறு வீட்டில் மீறிப் பார்க்க வேண்டும். வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துத் திங்கட்கிழமை வகுப்பில் சொல்ல வேண்டும். யாருக்கும் கெடுதல் வரக் கூடாது. வீட்டில் முன்கூட்டிச் சொல்லவும் கூடாது.

வசந்த் எழுந்து, டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் போனால் சேருமா சார் என்று கேட்டான். அது எழுதின சட்டம், செக்கர் சேர்த்துக்கொள்வார் என்றார் சார். பாத்திமாவின் தோழி ஹரிணி, சாப்பாட்டைத் தயிரில் ஆரம்பித்துக் குழம்பில் முடிக்கப் போவதாகச் சொன்னாள். சார் தலையாட்டினார். பாத்திமா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, தன் சொந்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போகப் போவதாகச் சொன்னாள். சார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தாங்குவாயா என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள்தானே சார் என்றாள் பாத்திமா. அந்த நாக்கை அப்புறம் அவளே பலமுறை நொந்துகொண்டாள்.

சனிக்கிழமை காலை இரண்டு பஸ் மாறி ஆவூருக்குப் பக்கத்திலுள்ள தன் ஊரில் இறங்கினாள். விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாது என்பதும் எழுதாத சட்டம்தான் என்பதால், இறங்கின இடத்திலேயே ஆப்பிளும் ஒரு பெரிய பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டாள். வீட்டுக் கதவு எப்போதும்போல் திறந்தே கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் வாசலில் ஒரு செருப்பும் நடையில் இன்னொரு செருப்பும் பறக்க, பசிக்குது என்று கத்திக்கொண்டே அடுப்படிக்குப் போயிருப்பாள். அன்றைக்குச் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தாள். நிலைப்படிக்கு வெளியே நின்று, கதவை விரலால் தட்டினாள்.

"வீட்ல யாருங்க இருக்கீங்க?"

உள்ளே மீன் ஆய்ந்துகொண்டிருந்த அவள் அம்மா சகாயராணி கையில் செதிலோடு எட்டிப் பார்த்தாள். மகளுக்குப் பாத்திமா மாதாவின் பெயரை வைத்த சகாயராணி, குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் டீச்சர். ஐந்து வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணாலேயே உட்கார வைக்கிறவள்.

"என்னடி, காலு ஒடிஞ்சு போச்சா? உள்ள வா."

"இருக்கட்டுங்க. நீங்க வேலையா இருக்கீங்க போல. நான் இங்கிட்டே நிக்கிறேன்."

சகாயராணி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பாத்திமா கூடத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சிரமம் இல்லையென்றால் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டாள். தண்ணீர் வந்தது, டம்ளர் மேசையில் வைக்கப்பட்ட சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. அதற்கப்புறம் பாத்ரூம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவள் கேட்டபோது, அடுப்படியிலிருந்து செதில் ஒட்டிய கை ஒன்று நீண்டு கொல்லைப்புறத்தைக் காட்டியது.

பிளஸ் டூ படிக்கிற தம்பி ஜெரால்டு தூங்கி எழுந்து வந்தான். அக்காவின் நாடகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பாத்திமா அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். விருந்தாளிகள் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. தம்பி என்ன படிக்கிறீங்க? பிளஸ் டூவா, நல்லாப் படிப்பீங்களா? காலாண்டுப் பரீட்சையில என்ன மார்க்கு? கணக்குல ஏன் கம்மி? அடுத்து என்ன செய்யுறதா உத்தேசம்? மூன்றாவது கேள்வியிலேயே ஜெரால்டின் சிரிப்பு நின்றுபோயிற்று. ஐந்தாவது கேள்வியில் எழுந்து, அம்மா இவளை உள்ளே விட்டது யார் என்று கேட்டுக்கொண்டே வெளியே போய்விட்டான். சாப்பாட்டு நேரம் வரை அவன் வரவில்லை. சார் பாடத்தில் சொன்ன 'பங்கேற்று உற்றுநோக்கல்' இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று பாத்திமா நினைக்கவில்லை.

பக்கத்து வீட்டுச் செவந்தி கறிவேப்பிலை கேட்டு வந்தாள். பாத்திமா எழுந்து நின்று கைகூப்பி, வணக்கம், நல்லாயிருக்கீங்களா என்றாள். செவந்தி வந்த காரியத்தை மறந்தாள். சகாயராணியின் காதில், இது காத்துக் கறுப்பு வேலை, எதற்கும் அன்னவாசல் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார், கேட்டுப் பார்க்கலாமா என்று குசுகுசுத்தாள். சகாயராணி அவளைக் கறிவேப்பிலையோடு அனுப்பி வைத்தாள். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனவள் வெகுநேரம் வரவில்லை. ஸ்கூல் விஷயமாக யாரிடமோ பேசுகிறாள் என்று பாத்திமா எண்ணிக்கொண்டாள்.

திரும்பி வந்த சகாயராணியின் முகம் தெளிந்திருந்தது. வெடுக்கென்றிருந்த பேச்சும் மாறியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகுமே, அதுவரை பிஸ்கட் சாப்பிடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டாள். பாத்திமா நாற்காலி நுனியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அப்பா ஆரோக்கியமுத்து சாப்பிட வந்தார். குவைத்தில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து, இப்போது ஊரில் கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பாத்திரமும் ஷாமியானாவும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருப்பவர். யாரிடமும் அதட்டிப் பேசத் தெரியாதவர், பொய் சொல்லவும் தெரியாதவர். மகள் எழுந்து நின்று, வாங்கய்யா, உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் என்று சொன்னதும் அவர் முகம் வெளிறியது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. சுட்டிருந்தால் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

சாப்பாடு ஆரம்பித்ததும் அவருக்குத் தானாகவே ஒரு விளக்கம் பிடிபட்டது. பிள்ளைகள் திடீரென்று மரியாதையாகப் பேசினால், பெரிதாக எதையோ கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். போன வருஷத்திலிருந்து மகள் ஸ்கூட்டர் ஸ்கூட்டர் என்று அரித்துக்கொண்டிருக்கிறாள். சோற்றைப் பிசைந்தபடியே அவர் சொன்னார்.

"சரித்தா. அடுத்த மாசம் ஒனக்கு ஸ்கூட்டர் எடுத்துருவோம். இதுக்குப் போயி இப்படியெல்லாம் பேசணுமா?"

பாத்திமா எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள். எத்தனை அழுகை, எத்தனை பட்டினி, எத்தனை நாள் பேசாமை. அதற்கெல்லாம் அசையாத மனுஷன் ஒரு வேளை மரியாதைக்கு விழுந்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் தருகிறேன் என்றால் விருந்தாளி வாங்கிக்கொள்வாளா? அம்மா ரசச் சட்டியோடு நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, எதுக்குங்க அவ்வளவு சிரமம்? வேண்டாங்க" என்றாள் பாத்திமா. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் கண்ணில் நிஜமாகவே நீர் கட்டியது. ஆரோக்கியமுத்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். கடைக்குப் போகிற வழியில் கீரனூரில் இருக்கிற தன் அக்கா லூர்துமேரிக்குப் போன் செய்தார். பிள்ளை ஸ்கூட்டரையே வேண்டாமென்று சொல்லிவிட்டது, என்னவோ ஆகிவிட்டது அக்கா என்று அழாக்குறையாகச் சொன்னார்.

இங்கே சகாயராணி வேலையை ஆரம்பித்தாள். விருந்தாளிக்கு எவர்சில்வர் தட்டா என்று சொல்லி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் வெளியே வருகிற பீங்கான் தட்டை ஷோகேஸிலிருந்து எடுத்துச் சோற்றை மறுபடி பரிமாறினாள். மீன் துண்டு விழுந்தது. போதுங்க என்றால், எங்க வீட்டுச் சமையல் ஒங்களுக்குப் பிடிக்கலையா என்று கேட்டாள். விருந்தாளி அதற்கு என்ன சொல்ல முடியும்? இன்னொரு துண்டு விழுந்தது. அம்மாவின் மகளாக இருந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கலாம். பாத்திமா மூச்சு வாங்கச் சாப்பிட்டு முடித்தாள். கை கழுவப் போனவளை அடுப்படி வாசலில் நிறுத்தி, ஐயோ அங்கிட்டு எதுக்குப் போறீங்க, இங்கே பக்கெட்டில் தண்ணீர் வைத்திருக்கிறேன் என்றாள் சகாயராணி. உண்ட மயக்கத்தில் உள்ளே போய்த் தன் கட்டிலில் விழலாம் என்று பார்த்தால், அது எங்க பொண்ணு ரூமுங்க, அது இல்லாதப்ப நாங்களே போறதில்லை என்று கதவைச் சாத்தினாள். டிவி ரிமோட் காணாமல் போயிற்று. ஃபேனுக்குக் கீழே முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த விருந்தாளியின் மடியில் வந்து விழுந்தது கல்யாண ஆல்பம்.

விருந்தாளி கல்யாண ஆல்பம் பார்த்தே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டங்களிலேயே கொடுமையானது. சகாயராணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக விளக்கினாள். கல்யாணம் முடிந்து, ஞானஸ்நானம் முடிந்து, பாத்திமா முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படம் வந்தது. வெள்ளை உடுப்பும் தலையில் பூமுடியுமாக, முன்பல் இரண்டு இல்லாத படம்.

"இதுதான் எங்க மக. காலேஜ்ல படிக்குது. நல்ல புள்ளதான். ஆனா வாயத் தொறந்தா காந்தாரி மொளகா."

பாத்திமா, பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்றாள்.

"படத்துல எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்தா போனும் கையுமாக் கெடக்கும். நான் நாளெல்லாம் என்ன செஞ்சேன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல."

விருந்தாளியாக வந்தவள் என்ன செய்வாள்? கேட்டாள். உங்க ஸ்கூல் எப்படிங்க டீச்சர், பிள்ளைங்கல்லாம் எப்படி என்று மரியாதைக்குத்தான் கேட்டாள். சகாயராணி பேச ஆரம்பித்தாள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் ஓணானோடு பள்ளிக்கு வருவது, மழைக்கு ஒழுகுகிற வகுப்பறையில் பிள்ளைகளை நகர்த்தி நகர்த்திக் கடைசியில் தான் குடை பிடித்துப் பாடம் நடத்தியது என்று வரிசையாக வந்தது. இத்தனை வருஷத்தில் பாத்திமா கேட்டேயிராத கதைகள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்காமல் சிரித்தாள்.

"மக ஹாஸ்டலுக்குப் போனதுலேருந்து ஒரு தொல்லைங்க" என்றாள் சகாயராணி ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே. "நாலு பேருக்கு ஒல வச்ச கை மாறமாட்டேங்குது. மிஞ்சுற சோத்த செவந்தி வீட்டு மாட்டுக் கழனித் தொட்டியில ஊத்திர்றேன். அந்த மாடு இப்ப எப்படி இருக்குன்னு பாத்தீங்களா? அம்புட்டும் எம்மக சோறு."

பாத்திமா ஆல்பத்திலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் மகளிடம் சொன்னதுண்டா என்று மெல்லக் கேட்டாள். சொன்னால் அது படிப்பை விட்டுவிட்டு வாராவாரம் வந்து நிற்கும், எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள் சகாயராணி. பிறகு வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். யாரிடமும் சொல்லிவிடக் கூடாது. சாயங்காலம் பள்ளி விட்டபிறகு, தலைமையாசிரியை ரஞ்சிதாவின் ஸ்கூட்டரைப் பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, மூன்றாவதாக ஷேர் ஆட்டோவுக்கு நின்று நின்று கால் வீங்குகிறது. ஒருநாள் கொடிக்கம்பத்தில் மோதி விழுந்து முழங்கால் தேய்ந்தது. வீட்டில் துவைக்கிற கல்லில் வழுக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் துவைக்கிற கல் கதையைப் பாத்திமா போனில் கேட்டிருக்கிறாள். பார்த்து நடக்கக் கூடாதாம்மா என்று சொல்லிவிட்டு, உடனே ரீசார்ஜ் செய்யச் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் அத்தை லூர்துமேரி வந்து இறங்கினாள். கையில் முறுக்குப் பை, செல்போனில் சிங்கப்பூர் மாப்பிள்ளையின் படம். தம்பி ஆரோக்கியமுத்து போனில் சொன்னதை வைத்து அவள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது, எழுந்து நிற்கிறது, வேண்டாம் என்கிறது. பெண்ணுக்குக் கல்யாண வயது வந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? வந்ததும் வராததுமாக நெற்றியில் சிலுவை போடக் கட்டைவிரலை நீட்டினாள். எப்போதும் குனிந்து வாங்கிக்கொள்கிற மருமகள் கைகூப்பி வணக்கம் சொன்னாள். அத்தையின் விரல் காற்றில் நின்றது. ஆனாலும் அவள் விடவில்லை. அங்கேயே படத்தைக் காட்டிப் பேச்சை ஆரம்பித்தாள். பையன் நல்ல பையன், குடும்பம் நல்ல குடும்பம், தையில் வைத்துவிடலாம். ஆரோக்கியமுத்து கடையிலிருந்து ஓடி வந்து மூச்சிரைக்க நின்றார். அக்கா பேச்சுக்கு அவர் எந்தக் காலத்திலும் மறுபேச்சுப் பேசியதில்லை.

பாத்திமா, ஆட்டம் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் சகாயராணி காப்பித் தட்டோடு நடுவில் வந்தாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. இவங்க நம்ம வீட்டுக்கு வந்திருக்க விருந்தாளி. வந்த எடத்துல கல்யாணப் பேச்ச எடுத்தா, இவங்க வீட்ல நம்மள என்ன நெனைப்பாங்க?"

லூர்துமேரிக்குக் காப்பி புரையேறியது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா ஆரோக்கியம், இது பாத்திமா இல்ல?"

ஆரோக்கியமுத்து அக்காளைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பெண்டாட்டியின் கண்ணில் ஐந்து வகுப்பையும் உட்கார வைக்கிற பார்வை இருந்தது.

"பாத்திமா மாதிரித்தாங்க்கா இருக்கு" என்றார்.

மாப்பிள்ளை விஷயத்தைத் தன் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் பாத்திமா பணிவாகச் சொன்னாள். எந்த வீட்டில் என்று அத்தைக்குக் கேட்கத் தோன்றவில்லை. குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போய் வாருங்கள், தாமதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பினாள். முறுக்குப் பையை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

அத்தை தலை மறைந்ததும் சகாயராணி நாற்காலியில் விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். காலையில் கொல்லைப்புறம் போய் அவள் பேசியது ஹரிணியோடு. ஹரிணி தயிரில் ஆரம்பித்த காலைச் சாப்பாட்டைப் பார்த்துப் பயந்துபோன அவள் அம்மா, வயிற்றில் கோளாறு என்று டாக்டரிடமே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊசி போடப் போகிறார்கள் என்றதும் ஹரிணி ஆஸ்பத்திரி வாசலில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த நேரத்தில்தான் சகாயராணியின் போன் போயிருக்கிறது.

"எல்லாம் தெரிஞ்சும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையா?" என்று ஆரோக்கியமுத்து கேட்டார். சொல்லியிருந்தால் நீங்கள் அக்காவிடம் உடனே சொல்லியிருப்பீர்கள் என்றாள் அவள். ஜெரால்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே, அப்படியானால் என் கணக்கு மார்க்கைப் பற்றி இனி யாரும் கேட்கக் கூடாது என்றான்.

பாத்திமா மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்புறப் போனுக்குப் பிறகுதான் ஆல்பம் வந்தது. அப்படியானால் உலைச்சோறும் மாடும் கொடிக்கம்பமும் எல்லாம், கேட்பது யார் என்று தெரிந்தே சொன்னவை. அதில் எது விளையாட்டு, எது நிஜம்? கேட்டுவிடலாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா பீங்கான் தட்டைத் துடைத்து ஷோகேஸில் வைத்துக்கொண்டிருந்தாள். பாத்திமா கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், ஆரோக்கியமுத்து தினசரியை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பாத்திமா எதிரே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இன்னும் முடியலையா தாயி என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குங்க என்றாள் அவள். மகளாக இருந்து இதைச் சொன்னால் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

"வெளியாளு சொல்றேன்னு நெனைக்காதீங்க. நேத்து நீங்க சொன்ன ஸ்கூட்டரு, அத டீச்சருக்கு எடுத்துக் குடுங்க. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயிட்டு வாராங்க, பாவமா இருக்கு."

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. ஆரோக்கியமுத்து பேப்பரை மடித்தார். அவள் ஓட்டுவாளா என்று சந்தேகமாகக் கேட்டார். பழகிக்கொள்வாங்க என்று சொன்னாள் பாத்திமா, அடுப்படிப் பக்கம் திரும்பாமலே. வந்தவர்கள் வாய்விட்டுச் சொன்னதைத் தட்டக் கூடாது என்பது ஆரோக்கியமுத்துவின் கொள்கை. அடுத்த மாதம் நீல நிறத்தில் ஒரு ஸ்கூட்டர் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் நாளே சகாயராணி அதைச் சரளமாக ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்து அவர் பெருமைப்பட்டாரே தவிர, சந்தேகப்படவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்தது. பாத்திமா எழுந்து சொன்னபோது வகுப்பே குலுங்கியது. 'பாத்திமா மாதிரித்தான் இருக்கு' என்ற இடத்தில் திருமுருகன் சாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பிறகு அவர் கேள்விக்கு வந்தார். மத்தியானத்திலிருந்து சாயங்காலம் வரை ஒரு இடைவெளி இருக்கிறதே, அப்போது என்ன நடந்தது? ஆல்பம் காட்டினாங்க சார் என்றாள். காட்டிக்கொண்டே என்ன பேசினார்கள்? அதுதானே முக்கியமான தரவு?

பாத்திமா நோட்டை மூடினாள்.

"அதச் சொல்ல முடியாது சார். தகவல் தந்தவங்க யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அப்படிக் கேட்டா சொல்லக் கூடாதுன்னு போன வாரம் நீங்கதான் நடத்துனீங்க."

சார் மேசையை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். நெறி சரிதான், அதே நெறிப்படி குறைத் தரவுக்கு மார்க்கும் குறையும் என்றார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துபோன ஹரிணிக்குப் பாத்திமாவைவிட அதிகமாகக் கிடைத்தது.

அன்று சாயங்காலம் பாத்திமா வீட்டுக்குப் போன் செய்து சொன்னபோது, சகாயராணிக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஹரிணியைவிடக் கம்மியா, அந்த சார் நம்பரைக் கொடு, நானும் ட்ரெய்னிங்கில் சைக்காலஜி படித்தவள்தான், நான் பேசுகிறேன் என்றாள். பேசினால் எதைச் சொல்லி மார்க்குக் கேட்பாய் அம்மா என்றாள் பாத்திமா. அந்தப் பக்கம் ஆரோக்கியமுத்து கூடத்தில் இருமுவது மட்டும் கேட்டது. மார்க்கை விடவும் மனசில்லாமல், விஷயத்தைச் சொல்லவும் மனசில்லாமல், கடைசியில் சகாயராணி பெருமூச்சு விட்டாள். போகட்டும், அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இன்று பள்ளிக்கு ஓணான் வரவில்லை, பையன் ஒரு கௌதாரியைக் கொண்டுவந்துவிட்டான் என்று ஆரம்பித்தாள். பாத்திமா விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து, அப்புறம் என்னாச்சு என்று கேட்டாள்.